தேதி கொடுத்தாயிற்று, நேரம் கொடுக்கவில்லை

"வர்ற வியாழக்கிழமை அட்மிஷன். வலி வர மருந்து வைக்கப் போறாங்களாம்." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகன் இப்படி ஒரு வரி போட்டால் போதும். அன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். ராகு காலம் கழிந்ததும் மருந்து வைக்கச் சொல்ல முடியுமா என்று இன்னொருவர் கேட்பார். (வியாழன் ராகு காலம் 1.30 முதல் 3 வரை என்பது சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. சிங்கப்பூரில் விடிவதே ஏழு மணியளவில். அதையும் ஒரு மணி நேரம் தள்ளிப் பார்க்க வேண்டும், ஆனால் அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.) வியாழன் இரவு "ஆச்சா?" என்று செய்தி வரும். வெள்ளி காலை "இன்னுமா?" வெள்ளி மாலைக்குள் "மருந்து வேலை செய்யலை போல, பேசாம ஆபரேஷன் பண்ணிடச் சொல்லலாமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். வார்டில் படுத்திருக்கும் பெண்ணுக்கு அந்த நேரம்வரை எல்லாமே ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கும்.

குழப்பத்துக்குக் காரணம் அந்தத் தேதி. சிசேரியனுக்குத் தேதி கொடுத்தால் அன்றைக்கே குழந்தை கைக்கு வந்துவிடும். இண்டக்‌ஷனுக்கு, அதாவது மருந்து வைத்து வலியை வரவைப்பதற்குக் கொடுக்கும் தேதி, வேலையைத் தொடங்கும் தேதி மட்டும்தான். முதல் பிரசவம் என்றால் மருந்து வைத்ததிலிருந்து குழந்தை பிறக்க ஒரு நாளைத் தாண்டுவது சகஜம். இரண்டு நாள் ஆவதும் உண்டு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகாத குடும்பத்தில், அந்த இரண்டாம் நாள் தோல்வி நாளாகத் தெரிகிறது. கணவர்மார்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறக்கும் குழந்தையின் தகுதியுள்ள தந்தைக்கு 4 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, ஆனால் அது குழந்தை பிறந்த பிறகுதான். காத்திருக்கும் அந்த ஓரிரு நாளுக்கு ஆண்டு விடுப்பில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

எதற்காக இண்டக்‌ஷன் என்பதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. 41 வாரம் தாண்டுவது, பனிக்குடம் உடைந்தும் வலி வராமல் இருப்பது, ரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சி குறைவது, அசைவு குறைவது. நம் வீடுகளில் அடிக்கடி கேட்பது கர்ப்பகாலச் சர்க்கரை. 24 முதல் 28 வாரத்துக்குள் அந்த இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கிளினிக்கில் உட்கார்ந்தவர்களில் பலருக்கு இண்டக்‌ஷன் பேச்சு அங்கேயே தொடங்கிவிடுகிறது. உணவிலேயே சர்க்கரை அடங்கியிருந்தால் பொதுவாக 40 வாரத்தை ஒட்டியும், இன்சுலின் போடுகிறவர்களுக்கு அதற்கு முன்பும் தேதி வைப்பார்கள். காரணம் எதுவானாலும் அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது. பின்னால் "இன்னும் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்" என்ற கேள்விக்கு விடை அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறவருக்கும், 41 வாரத்தில் எல்லாம் சரியாக இருக்கிறவருக்கும் பொறுமையின் எல்லை ஒன்றில்லை.

கருப்பை வாய் என்ன சொல்கிறது

மருந்து வைக்கும் முன் கையை விட்டுப் பார்ப்பார்கள். சில நொடி வேலை, சங்கடமான வேலை, ஆனால் மற்ற எல்லாமே அதில்தான் தீர்மானமாகிறது. விரலால் ஐந்து விஷயம் பார்க்கிறார்கள்: வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்து குறுகியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, தொட்டால் கெட்டியா மிருதுவா, பின்பக்கம் திரும்பியிருக்கிறதா முன்னால் வந்துவிட்டதா. முதல் மூன்றுக்கும் 0 முதல் 3 வரை, கடைசி இரண்டுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 13. எட்டும் அதற்கு மேலும் என்றால் தானாக வலி வந்தவர் மாதிரியேதான். ஆறும் அதற்குக் கீழும் என்றால் முதலில் வாயைப் பழுக்க வைக்க வேண்டும். இதற்குப் பிஷப் ஸ்கோர் என்று பெயர், 1964-இல் எட்வர்ட் பிஷப் வகுத்தது. அவர் அதை ஏற்கெனவே பிரசவித்த பெண்களை மனத்தில் வைத்துத்தான் போட்டார். தலைப்பிரசவத்துக்கும் இன்று அதே கணக்கு என்பதால், ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரில் இரண்டாவது குழந்தைக்கு வந்தவர் முந்திக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

பழுக்காத கருப்பை வாயைத் தொட்டால் மூக்கு நுனி மாதிரி இருக்கும், பழுத்தது உதடு மாதிரி. பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒப்புமை இது. ஒன்பது மாதம் குழந்தையைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கெட்டிதான், கொலாஜன் நார்கள் இறுக்கிக் கட்டிய கெட்டி. அது தளர்ந்து, ஈரம் ஊறி, மிருதுவாகாமல் கருப்பை எவ்வளவு சுருங்கினாலும் கதவு திறக்காது. தானாக வலி வருகிறவருக்கு இந்த வேலை கடைசிச் சில வாரங்களில் அவருக்கே தெரியாமல் நடந்துவிடுகிறது. இண்டக்‌ஷனுக்கு வருகிறவருக்கு அதே வேலையை ஓர் இரவில், ஒரு பகலில் செய்யப் பார்க்கிறோம். முதல் நாள் முழுக்க நடப்பது இதுதான். அதைப் பிரசவ வலியின் முதல் நாளாக எண்ணுவதே தப்புக் கணக்கு.

தேதிக்கு முன்பாக, 39 வாரத்துக்குப் பிறகு, கிளினிக்கிலேயே பனிக்குடச் சவ்வை விரலால் சுற்றிப் பிரித்துவிடலாமா என்று டாக்டர் கேட்கலாம். வலிக்கும், கொஞ்சம் ரத்தக் கசிவும் இருக்கும். சிலருக்கு அதுவே போதுமாகி, கொடுத்த தேதிக்கு அவசியமே இல்லாமல் போகும்.

மருந்து வைத்த இரவு

வார்டில் முதல் வேலை சிடிஜி. வயிற்றில் இரண்டு பட்டைகள் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பும் கருப்பையின் இறுக்கமும் காகிதத்தில் இரண்டு கோடாக ஓடும். துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160-க்குள் நின்று, அவ்வப்போது ஏறி இறங்கினால் நல்லது. பிறகுதான் மருந்து.

சிங்கப்பூரில் பழக்கத்தில் உள்ளவை முக்கியமாக மூன்று. ஒன்று, புரோஸ்டின் மாத்திரை, 3 மி.கி., பிறப்புறுப்பின் உள்ளே வைப்பது. ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு, தேவையானால் இன்னொன்று வைப்பார்கள். இரண்டாவது புரோபெஸ். அதே டைனோபுரோஸ்டோன் மருந்து 10 மி.கி., மெல்லிய தட்டையான துண்டுக்குள் அடைத்து, அதைச் சுற்றிப் பின்னிய நாடா. கருப்பை வாயின் பின்புறத்தில் குறுக்காக வைக்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சி உப்பி, மணிக்குச் சுமார் 0.3 மி.கி. வீதம் 24 மணி நேரம் கசியவிடுகிறது. உறைநிலைப் பெட்டியில் இருந்து நேராக எடுத்து வைப்பதால் உறை சில்லென்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். வைத்ததும் அரை மணி நேரமாவது படுத்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நழுவிவிடும். கழிப்பறையில் துடைக்கும்போது நாடா கையில் சிக்கி இழுபட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. வெளியே வந்துவிட்டால் நீங்களாகத் திரும்ப உள்ளே தள்ளாமல் மிஸ்ஸியை (நர்ஸை) கூப்பிடுங்கள். அந்த நாடாவின் அருமை வேறொரு நேரத்தில் தெரியும்: வலி அளவுக்கு மீறினால் இழுத்து எடுத்துவிடலாம், கரைந்துபோன மாத்திரையில் அது முடியாது.

மூன்றாவது மருந்தே இல்லாத முறை, பலூன். சிறுநீர்க் குழாய் மாதிரியான ஒன்றைக் கருப்பை வாய்க்குள் செலுத்தி, நுனியிலுள்ள பலூனில் 30 முதல் 80 மி.லி. வரை நீரேற்றி, வாலைத் தொடையில் ஒட்டிவிடுவார்கள். அழுத்தத்திலேயே வாய் திறக்கிறது. முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் யோசிப்பார்கள், ஏனென்றால் மேலே சொன்ன இரண்டும் சேர்ந்த புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்துகள் பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்தைக் கூட்டும். பலூன் தானாகக் கீழே விழுந்துவிட்டால் பலர் பதறிப்போகிறார்கள். வாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மருந்து வைத்த சில மணி நேரத்தில் அடிவயிறும் இடுப்பும் இழுத்துப் பிடிக்கும். சூட்டு வலி மாதிரி விட்டு விட்டு வரும், சில சமயம் விடாமலும் வரும். பரிசோதித்தால் "இன்னும் ஒரு சென்டிமீட்டர்தான்" என்பார்கள். மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். ராத்திரி முழுக்க வலித்தும் ஒரு சென்டிமீட்டரா என்று தோன்றும். ஆனால் கருப்பை வாய் நீளம் குறைந்து, மிருதுவாகி, முன்னால் திரும்பியிருக்கும். அந்த மூன்றையும் யாரும் எண்ணாகச் சொல்வதில்லை. "எத்தனை சென்டிமீட்டர்" என்று மட்டும் கேட்காமல் "ஸ்கோர் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு வந்திருக்கு" என்று கேளுங்கள். இரண்டிலிருந்து ஆறுக்கு வந்திருந்தால் அந்த இரவு வீண்போகவில்லை.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது தூங்குவதும் சாப்பிடுவதும்தான். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை கஞ்சியோ இட்லியோ சாப்பிடலாம். பலர் முதல் இரவே மூச்சுப் பயிற்சி செய்து, நடந்து, விழித்திருந்து, உண்மையான வலி வரும்போது தெம்பில்லாமல் போய்விடுகிறார்கள். பகிர்வு வார்டுகளில் பொதுவாகக் கணவர் இரவில் தங்க முடியாது. அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டுக் காலையில் வருவதே இரண்டு பேருக்கும் நல்லது.

பனிக்குடம் உடைத்த பிறகு

வாய் பழுத்ததும் பிரசவ அறை. அந்த அறை காலியாக வேண்டும். தானாக வலி வந்தவர்களும் அவசரக் கேஸ்களும் முந்திக்கொள்வதால் சில மணி நேரம் வார்டிலேயே காக்கவைப்பதும் நடக்கும். அறைக்குப் போனதும், நுனியில் சிறு கொக்கி வைத்த நீளமான பிளாஸ்டிக் கம்பியால் பனிக்குடத்தைக் கீறுகிறார்கள். சவ்வில் நரம்பு கிடையாது, அதனால் கீறுவது வலிக்காது. வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொட்டும். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, கண்காணிப்பு கூடும். தலை மேலேயே மிதந்துகொண்டிருக்கும்போது பனிக்குடத்தை உடைத்தால் தண்ணீரோடு தொப்புள்கொடி முன்னால் நழுவிவிடலாம், அது உடனடி சிசேரியன். "தலை இன்னும் இறங்கலை, கொஞ்சம் பொறுப்போம்" என்று டாக்டர் சொன்னால் அவர் தாமதம் செய்யவில்லை.

எல்லாம் மாறுவது இந்த இடத்தில்தான். அதுவரை நடந்ததை நிறுத்திவைக்கலாம், ஓய்வு கொடுக்கலாம், மறுநாள் மறுபடி தொடங்கலாம். பனிக்குடம் உடைந்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. நேரம் ஆக ஆகத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது, காய்ச்சல் வரலாம், குழந்தை பிறந்தே ஆக வேண்டும். எனவே ஏதாவது சந்தேகமோ கேள்வியோ இருந்தால் கொக்கி வருவதற்கு முன் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் சொட்டு. புரோஸ்டின் வைத்திருந்தால் ஆறு மணி நேரம் கழித்தும், புரோபெஸ் என்றால் எடுத்து அரை மணி நேரம் கழித்தும்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் கருப்பை கட்டுக்கு அடங்காது. வழக்கமான ஒரு கலவை 500 மி.லி. திரவத்தில் 10 யூனிட். அப்படியானால் பம்பில் மணிக்கு 3 மி.லி. என்று காட்டுவது நிமிடத்துக்கு 1 மில்லியூனிட். ஒன்றோ இரண்டோ மில்லியூனிட்டில் தொடங்கி அரை மணிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போவார்கள். இலக்கு பத்து நிமிடத்தில் மூன்று நான்கு வலி. பம்பில் எண் ஏறுவதைப் பார்த்துப் பயப்படும் கணவர்கள் அதை விட்டுவிட்டு சிடிஜி காகிதத்தைப் பார்க்கலாம், வலியின் இடைவெளி அங்கேதான் தெரியும்.

சொட்டு ஏற்றிய வலி, தானாக வரும் வலி மாதிரி மெல்ல மெல்லப் பழக்கிக்கொண்டு வராது. எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இத்தனை சென்டிமீட்டர் ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சொட்டு தொடங்கும்போதே போட்டுக்கொள்ளலாம். அதனால் சிசேரியன் வாய்ப்பு கூடுவதில்லை. கால் கனக்கும், எழுந்து நடக்க முடியாது, சிறுநீருக்குக் குழாய் போடுவார்கள், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம். வேண்டாம் என்பவர்களுக்கு வலியைக் குறைக்க வாயு முகமூடியும் பெத்திடின் ஊசியும் உண்டு. "நாங்கெல்லாம் பெக்கலையா" என்று கேட்கும் அத்தைகளுக்கு ஒரு வார்த்தை: அவர்களில் பலருக்குப் பம்பு வைத்து அரை மணிக்கு ஒருமுறை வலியைக் கூட்டவில்லை.

பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது ஆபத்து. இரண்டு வலிக்கு நடுவில்தான் குழந்தைக்கு ரத்தம் முழுமையாகப் போகிறது. இடைவெளி போய்விட்டால் துடிப்பு இறங்கும். உடனே சொட்டை நிறுத்துவார்கள், இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைப்பார்கள், தேவைப்பட்டால் டெர்பூட்டலின் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டுக் கருப்பையைத் தளர்த்துவார்கள். ஆக்ஸிடோசின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை என்பதால் பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும். அறைக்குள் திடீரென்று நாலு பேர் வந்து நிற்கும் காட்சி பார்ப்பவரை நடுங்கவைக்கும், ஆனால் இது கைபழகிய வேலை. அந்த ஒற்றை டெர்பூட்டலின் ஊசியைப் பற்றி 1985-இல் வெளிவந்த ஆய்வுகள் சிங்கப்பூரில் செய்யப்பட்டவை. இங்கேமார்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து அவற்றை எழுதிய அருள்குமரனும் எஸ். எஸ். ரத்னமும் இலங்கைத் தமிழர்கள். புரோஸ்டாகிளாண்டினைப் பிரசவத்துக்கு முதலில் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவரான சுல்தான் கரீம், 1968-இல் உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து முடிவுகளை வெளியிட்டவர், எழுபதுகளில் சிங்கப்பூருக்கு வந்து ரத்னத்தோடு ஆய்வு செய்தார். 1966-இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்த கண்டங் கெர்பாவ் பிரசவ ஆஸ்பத்திரி இருந்த ஊர் இது. இண்டக்‌ஷன் என்றதும் ஏதோ புதிதாகக் கிளம்பிய நாகரிகம் என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

எப்போது "ஆகவில்லை" என்று சொல்வது

இங்கேதான் என் வாதம். மாத்திரை வைத்து வாய் திறக்காததைத் தோல்வி என்று சொல்லக்கூடாது. பனிக்குடம் உடைத்து, ஆக்ஸிடோசின் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் ஓடியும், வாய் வேகமாகத் திறக்கும் சுறுசுறுப்பான கட்டத்துக்கு வராவிட்டால்தான் இண்டக்‌ஷன் பலிக்கவில்லை என்று கருதலாம் என 2014-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டல் சொன்னது. அந்தக் கட்டம் தொடங்குவது 6 சென்டிமீட்டரில், பழைய புத்தகங்களில் இருந்த 4-இல் அல்ல. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை என்பது இதற்கெல்லாம் பொதுவான நிபந்தனை.

"இண்டக்‌ஷன் என்றாலே கடைசியில் சிசேரியன்தான்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2018-இல் வெளியான அரைவ் ஆய்வில், வேறு சிக்கல் இல்லாத, தலைப்பிரசவத்துக்கு வந்த 6,106 பெண்களில் ஒரு பாதிக்கு 39 வாரத்தில் வலி வரவைத்தார்கள், மறுபாதியைக் காத்திருக்கவிட்டார்கள். சிசேரியன் ஆனது வரவைத்தவர்களில் 18.6 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 22.2 விழுக்காடு. இது அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நடந்தது, எல்லோரும் 39 வாரத்தில் ஓட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் பழியை மருந்தின் மேல் போடுவதற்கு முன் யோசிக்க வைக்கிறது. என் கணிப்பில், முதல் நாள் மாலையே அவசரப்பட்டுக் கேட்டு வாங்கும் சிசேரியன்கள்தான் அந்தப் பேச்சை வளர்க்கின்றன. தனியார் ஆஸ்பத்திரியில் உங்கள் டாக்டரே கடைசிவரை இருப்பார். அது ஆறுதல்தான், கூடவே குடும்பம் நேராக அவரையே நச்சரிக்கவும் வழி. அரசு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாற மாற முகம் மாறும். ஒவ்வொரு முறையும் "திட்டம் என்ன, அடுத்துப் பார்ப்பது எப்போது" என்று கேட்டுக்கொண்டால் போதும். இன்னோர் இரவு தங்கினால் பில் கூடும்தான். மெடிசேவில் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில்) எடுத்தது போக மிச்சம் என்ன என்று அட்மிஷன் போடும்போதே விசாரித்துவிட்டால், அறையில் படுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. சிசேரியன் உண்மையிலேயே தேவைப்படும் நேரம் வரும்: துடிப்பு மீளாதபோது, காய்ச்சல் ஏறும்போது, 6 சென்டிமீட்டருக்குப் பிறகு நல்ல வலி இருந்தும் மணிக்கணக்கில் நகராதபோது. அப்போது தயங்க வேண்டியதில்லை.

குழந்தை பிறந்த பிறகும் சொட்டு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து "இன்னும் எதுக்கு, கழட்டச் சொல்லும்மா" என்பார்கள். பல மணி நேரம் ஆக்ஸிடோசினில் சுருங்கிய கருப்பை களைத்துப்போய்த் தளர்ந்துவிடலாம், தளர்ந்தால் ரத்தம் கொட்டும். அதனால்தான் நஞ்சுக்கொடி வெளியேற ஊசி போட்ட பிறகும் சிலருக்கு 40 யூனிட் கலந்து மணிக்கு 125 மி.லி. வீதம் நாலு மணி நேரம் ஏற்றுகிறார்கள். தேக்கா சந்தையில் பால் சுறாவும் பூண்டும் வாங்கப் போகிறவர்கள் போகட்டும், ஒருவர் படுக்கை பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டி விழுந்தாலோ, தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னாலோ, பெட்டைத் துடைத்துக்கொண்டு நிற்காமல் மணியை அழுத்துங்கள்.